கேட்கலாம், பேசக்கூடாது

இன்று காலை தென்பெண்ணைப் பக்கமிருந்து காற்று வந்தது. கொல்லையில் உங்கள் ரேடியோ கோபுரத்தை இழுத்துப் பிடித்திருக்கும் கம்பிகள் முனகத் தொடங்கின. துணி உலர்த்திக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் ஓடிப்போய் ஒவ்வொரு கம்பியாக அழுத்திப் பார்த்திருப்பீர்கள். ஒன்று தொய்ந்திருக்கிறது. அதை முறுக்கக்கூட வக்கீல் விடமாட்டேன் என்கிறார். "தொடாதீங்கம்மா. தீர்ப்பு வர்ற வரைக்கும் இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கணும்."

வழக்கில் உங்கள் பெயர் இருந்த இடத்தில் இப்போது என் பெயர். மகன் சென்னைக்கு வந்துவிடச் சொல்கிறான். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் கொல்லைக் கதவு வரை நன்றாகத்தான் பேசுகிறார்கள். அண்ணாந்து பார்த்ததும் கிளம்பிவிடுகிறார்கள். கோபுரத்தை இறக்கவும் முடியாது, அதோடு வீட்டை விற்கவும் முடியாது.

ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசுவதற்குப் பரீட்சை எழுதி, தில்லியிலிருந்து உரிமம் வாங்கி, கோபுரத்தை நட்டீர்கள். பக்கத்து வீட்டு ஆறுமுகம்தான் அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாப்பா, வூட்டுப் பின்னால செல்போன் கம்பெனி வெக்கிறியா?"

"செல்போன் இல்லப்பா. புயல்ல போனு, கரண்டு எல்லாம் போனாலும் இது பேசும்."

சிரித்தபடி நம் வீட்டில்தான் அன்று சாப்பிட்டார்.

அவருடைய மருமகள் செல்விக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. கோபுரத்திலிருந்து வரும் கதிர்தான் காரணம் என்று யாரோ சொல்ல, அது தெரு முழுக்கப் பரவியது. ஆறுமுகம் கொம்யூன் பஞ்சாயத்தில் மனு கொடுத்தார். விசாரிக்க வந்த அதிகாரியிடம் நீங்கள் உரிமத்தை நீட்டினீர்கள்.

"இது பேசறதுக்கு சார். கம்பம் நடறதுக்கு இங்க பர்மிஷன் வாங்கினீங்களா?" என்றார் அவர்.

"கேட்டேன் சார். வீட்டுக்கு, கடைக்குத்தான் ஃபாரம் இருக்குது, இதுக்கு இல்லன்னாங்க."

"ஃபாரம் இல்லன்னா பர்மிஷன் இல்லன்னுதான அர்த்தம்?"

அதன் பிறகு நீங்கள் கதிர் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு ஆறுமுகம் வீட்டுக்குப் போனீர்கள். கதிர் அங்கே வரை வரவில்லை என்று முள்ளைக் காட்டிப் புரியவைத்துவிடலாம் என்ற நம்பிக்கை. அவர் நிலைப்படியிலேயே நிறுத்திவிட்டார். "எந்த முள்ளக் காட்டி எங்க புள்ளயத் திருப்பிக் குடுப்ப?" மீட்டரைத் துண்டில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தீர்கள். "அந்த ஆளு மேல எனக்குக் கோவமே வரலடி" என்றீர்கள். எனக்கு வந்தது.

மனு வழக்காகிப் புதுச்சேரி கோர்ட்டுக்குப் போனது. கோபுரத்தை அசைக்கக்கூடாது, முடியும் வரை அதிலிருந்து பேசவும் கூடாது என்று உத்தரவு. கேட்பதை மட்டும் யாரும் தடுக்கவில்லை. அதனால் மைக்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெட்டி முன்னால் உட்கார்ந்து கேட்டீர்கள். காரைக்காலிலிருந்தும் சேலத்திலிருந்தும் நண்பர்கள் உங்கள் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பதில் வராதா என்று காத்திருப்பார்கள். நீங்கள் வெறும் பெட்டியைப் பார்த்து, "இருக்கேன்பா, இருக்கேன்" என்பீர்கள். அடுக்களையில் எனக்கு வெங்காயம் நறுக்கக் கை வராது. அப்படியே வாய்தா மேல் வாய்தாவாகப் போய், ஒரு நாள் உங்கள் நெஞ்சும் நின்றுபோயிற்று.

எதற்காக இதையெல்லாம் சொல்கிறேன் என்றால், போன வாரம் செல்வி வந்தாள். மாமனார் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்த நேரம். கொல்லைப் பக்கமாக வந்து, துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

"டவரால இல்லக்கா. புள்ளைக்கு வளர்ச்சியே சரியில்லன்னு டாக்டரம்மா அப்பவே சொன்னாங்க. ரெண்டு தரம் சொன்னாங்க. எங்க வூட்ல யாரும் காதுல வாங்கல."

"நீ ஏன்டி அவங்ககிட்ட எடுத்துச் சொல்லல?"

"டவருன்னு ஒண்ணு இருந்திச்சி. அதத் திட்டிக்கினு இருந்தாங்க. அது இல்லன்னா ராசி கெட்டவளுன்னு என்னத் திட்டி இருப்பாங்க. உங்க வூட்டு அண்ணன் சாவுக்குக்கூட நான் வரல. எந்த மூஞ்சியோட வர்றது?" புடவை முந்தியை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு, "கோர்ட்டுல வந்து சொல்லட்டுமாக்கா?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதும். வழக்கு முடியும், கோபுரம் இறங்கும், நான் மகன் வீட்டுக்குப் போய்விடலாம். 'சொல்லு' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது உங்கள் பழக்கம் ஞாபகம் வந்தது. ரேடியோவில் எதிர்முனையில் இருப்பவர் பேசி முடித்ததும் உடனே மைக்கின் பொத்தானை அழுத்த மாட்டீர்கள். கேட்டால், "ஒரு மூச்சு வுடணும்டி. சன்னமா பேசறவன் அந்த எடவெளியிலதான் உள்ள வருவான்" என்பீர்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த மௌனத்தில் செல்வி மெல்லக் கேட்டாள்: "சொன்னா அப்பறம் நான் எங்கக்கா போவேன்?"

"சொல்ல வேணாம்" என்றேன். "போய் வேலையப் பாரு."

அடுத்த வாய்தாவுக்கு பாகூரில் பஸ் ஏறி நான்தான் போகப்போகிறேன். அவள் வந்ததை வக்கீலிடம் சொல்லமாட்டேன். மகனிடமும் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் சொல்லிவிட்டேன்.