காயுமுன் மடித்த லொறி

என் தம்பி றிசுவுக்கு, உன் ராத்தா எழுதுகிறேன். அல்லாஹ் உன் கப்றை விசாலமாக்கி வைக்கட்டும்.

நீ போய் நாலு மாதம் தாண்டிவிட்டது. இதை ஒரு தாளில் எழுதி உன் சட்டைகளுக்குள் ஒளித்து வைத்திருக்கலாம். ஊர் பார்க்கத்தான் எழுதுகிறேன். உன்னைப் பற்றிய ஒரு பொய் நம் ஊர் சாய்ந்தமருது முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. எல்லாரும் அதை நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். அந்தப் பொய் என் கையால் தொடங்கியது.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள். பகலில் நீ கல்முனையில் ஒரு கராஜில் வேன்களுக்கும் ஓட்டோக்களுக்கும் பெயின்ட் அடித்தாய். வீட்டுக்கு வந்ததும் மடித்தால் வாகனமாகவும் விரித்தால் ரோபோவாகவும் மாறுகிற விளையாட்டுச் சாமான்களோடு உட்காருவாய். இருபத்தெட்டு வயது ஆம்பிளை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

"கலியாணம் பேச வாறவங்க இதக் கண்டா, மாப்பிளைக்கு இன்னும் பால்பல் விழல்லயா எண்டு கேப்பாங்க" என்பேன்.

"பொம்புளட ஊட்டுக்கு இதுகளையும் கூட்டிக்கிட்டுத்தான் வருவன் எண்டு இப்பவே சொல்லி வைங்க ராத்தா" என்பாய். தலையை நிமிர்த்தக்கூட மாட்டாய்.

நீ வாங்கி வந்தவை எல்லாம் பஜாரில் கிடைக்கிற மலிவுச் சாமான்கள், இல்லாவிட்டால் யாராவது உடைத்துப் போட்டவை. கடைசி ஆணி வரைக்கும் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, அரிசி புடைக்கிற என் சுளகில் பரப்பி வைப்பாய். அதற்கு என்னிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சமா? ஐஸ்கிறீம் டப்பாவை வெட்டித் தோள்பட்டை செய்வாய். பேனைக் குழாய்தான் புகைக்குழாய். கண்களுக்குப் பல்குச்சி நுனியால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெயின்ட் தொடுவாய், அந்த நேரம் நான் கதைத்தால் கையை மட்டும் உயர்த்துவாய். பூசியதை விட நீ மண்கடதாசியால் தேய்த்ததுதான் அதிகம்.

"மூட்டில ஒரு மயிரளவு தடிச்சாலும் மடிக்கக்குள்ள உரசும் ராத்தா. உரசினா உரிஞ்சிரும்" என்று ஒருநாள் எனக்குப் பாடம் எடுத்தாய். நான் கேட்டுக்கொண்டு நின்றேன், ஆனால் மனதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருந்திருக்காது.

வாப்பாவுக்கு அவை பிடிக்காது. உருவம் இருக்கிற வீட்டுக்குள் வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்பதில் அவர் ஒரு சாண்கூட இறங்க மாட்டார். முழங்கால் போனதிலிருந்து வெள்ளிக்கிழமை ஜும்ஆவைத் தவிர மற்றத் தொழுகைகள் ஹோலில் கதிரை போட்டுத்தான். அவர் முகம் பார்க்கிற பக்கத்தில்தான் உன் கண்ணாடி அலுமாரி. அதற்கு நீங்கள் இரண்டு பேரும் கண்டுபிடித்த வழியை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். பாங்கு சொன்னதும் நீ எழும்பி ஒவ்வொன்றாக மடித்துக் காராக, வேனாக ஆக்கி வைப்பாய். வாகனத்துக்கு முகம் இல்லையே. வாப்பாவும் தக்பீர் கட்டித் தொழத் தொடங்குவார்.

கடைசியாக நீ எடுத்தது ஒரு தீயணைப்பு வண்டி ரோபோ. அதை ஒரு லொறியாக்க ஆறு கிழமை, ஒன்றரை மாதம், அதன் மேல் கிடந்தாய். பச்சைத் தலை, மஞ்சள் பெட்டி, முன்கண்ணாடிக்கு மேல் வெள்ளையில் ஒரு வரி மாஷா அல்லாஹ். முன்பு வாப்பா நெல் ஏற்றிய லொறி அது. சுனாமிக் கடல் வந்த காலையில் நம் வேலிக்கு அப்பால் கவிழ்ந்து கிடந்ததே, அதே லொறி. அப்போது உனக்கு ஏழு வயது. அந்தப் பச்சை உன் நினைவில் இருந்தது எனக்கு ஆச்சரியம்.

"வாப்பாக்குச் சொல்லாதீங்க. மடிச்சிக் கையில குடுக்கக்குள்ளதான் அவருக்குத் தெரியணும்" என்றாய். எனாமல் பெயின்ட் அடித்தால்தான் அந்தப் பச்சை வரும் என்றும், இரண்டு நாள் விரித்தபடி காற்றுப் பட வேண்டும் என்றும் சொன்னாய். உன் அறைக்குள் தெருப் புழுதி வருகிறது என்று ஹோலில் மின்விசிறிக்குக் கீழே, அலுமாரியின் உச்சியில் நிறுத்தினாய்.

அடுத்த நாள் விடியச் சுபஹுத் தொழுகைக்கு வாப்பா கதிரையில் வந்து உட்கார்ந்தவர் அதைக் கண்டார். கையும் காலும் முகமுமாக அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. லொறி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"மடி" என்றார்.

"பெயின்ட் காயல்ல வாப்பா. ரெண்டு நாள் பொறுங்க. பெட்டியால மூடி விடுறன்."

"மூடினா உள்ளுக்கு இருக்கிறது இல்லாமப் போகுமா? மடி எண்டு சொன்னன்."

"ஏலா வாப்பா. மடிச்சா எல்லாம் போயிரும்."

"அப்ப எண்ட தொழுகை போகட்டும், ஒண்ட பொம்ம நிக்கட்டும். எண்ட மூஞ்சில முழிக்காத போ."

நீ ஒரு பிஸ்கற் பெட்டியை அதன் மேல் கவிழ்த்துவிட்டு ஹோலை விட்டு வெளியே போனாய். எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஒன்பது மணிக்கு, பிரதான வீதியில் உன்னை டிப்பர் லொறி அடித்துவிட்டது என்று ஒருவன் வந்து சொன்னான்.

நண்பகல் லுஹருக்குப் பிறகு உன்னைக் கொண்டு வருகிறார்கள் என்றதும் ஹோலை ஒழுங்குபடுத்தச் சொன்னார்கள். பெண்கள் யாஸீன் ஓத வந்து நிறைந்துவிட்டார்கள். என் கண்ணில் பட்டது அந்தப் பிஸ்கற் பெட்டி ஒன்றுதான். அதைத் தூக்கினேன். என் காதில் வாப்பாவின் "மடி" தவிர வேறு ஒன்றும் இல்லை. உன் மையித்து கிடக்கப் போகிற இடம், உனக்கு அல்லாஹ்வின் அருள், ரஹ்மத் இறங்க வேண்டிய இடம், அங்கே ஒரு உருவம் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் அப்போது எனக்குத் தெரிந்தது. அதைத் தூக்கி உன் அறைக்குள் வைத்திருக்கலாம் என்று புத்திக்கு வரவில்லை. கையை மடித்தேன், காலை மடித்தேன், தலையை நெஞ்சுக்குள் அமுக்கினேன். லொறியாகிவிட்டது. அலுமாரிக்குள் தள்ளிக் கதவை மூடினேன்.

என் விரல்களில் பச்சை ஒட்டியிருந்தது. உன்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரம் நான் குசினிக்குப் பின்னால் நின்று மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கபன் துணி இட்ட பிறகு உன் நெற்றியில் முத்தமிடக் குனிந்தபோதும் நகத்துக்குள் பச்சை இருந்தது.

மூன்றாம் நாள்தான் வாப்பா அலுமாரிப் பக்கம் திரும்பினார். அதுவரை தேத்தண்ணியைத் தவிர ஒன்றும் அவர் தொண்டைக்குள் இறங்கவில்லை.

"இது எண்ட லொறியெல்லா" என்றார். கதவைத் திறந்து கையில் எடுத்தார். "பெயின்ட் காயல்ல எண்டான், மகள். பொறகும் எனக்காக மடிச்சி வெச்சிட்டுத்தான் போயிருக்கான். கோவிச்சிக்கிட்டுப் போகல்ல. எண்ட சொல்லக் கேட்டுட்டுத்தான் போயிருக்கான்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவர் உடனே, "கொஞ்சம் கஞ்சி இருக்கா புள்ள?" என்று கேட்டுவிட்டார். மூன்று நாள் பட்டினி கிடந்த மனிதர் கேட்கிறார். நான் கஞ்சியை ஊற்றிக் கொடுத்துவிட்டு உண்மையை விழுங்கினேன்.

பிறகு அது என் கையை விட்டுப் போய்விட்டது. ஜும்ஆவுக்குப் போன இடத்தில் வாப்பா சொன்னார். வந்தவர்களிடம் எல்லாம் லொறியைக் காட்டிச் சொன்னார். அடுத்த தெருப் பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்கு உன்னை உதாரணம் காட்டுகிறார்கள். "கடைசி நிமிசம் வரைக்கும் வாப்பாட சொல்லத் தட்டாத புள்ள" என்று என் கையைப் பிடித்து அழுவார்கள். நான் தலையாட்டி "ஓம்" என்பேன். எத்தனை ஓம் சொல்லியிருப்பேன் றிசு? உன்னை நல்லவனாக்கத்தானே சொல்கிறேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நீ நல்லவனாக இருப்பதற்கு என் பொய் தேவைப்பட்டதா?

போன கிழமை வாப்பாவுக்கு ஒரு ஆசை வந்தது. உன் ரோபோ ஒன்றையும் நிமிர்ந்து பார்க்காத மனிதர், "உள்ளுக்கு என்ன செஞ்சிருக்கான் எண்டு ஒருக்கா திறந்து பாப்பம்" என்றார். நான் திறக்கப் பார்த்தேன். அசையவில்லை. அவரே உன் கராஜ் கூட்டாளி அன்ரனுக்கு ஆள் அனுப்பினார். அன்ரன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து, கல்முனையிலிருந்து சட்டை கசங்காமல் வந்தான்.

கையில் எடுத்து ஒருமுறைதான் திருப்பினான். வாப்பா அப்போது தொழுகைக்கு வுளு எடுக்கப் போயிருந்தார்.

"ராத்தா, இது ஈரத்தோட மடிச்சது" என்றான். "றிசு இதச் செய்யமாட்டான். கழுத்துல கத்திய வெச்சாலும் செய்யமாட்டான்."

"நான்தான்" என்றேன். நாலு மாதத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன்.

"ஐயாக்குத் தெரியுமா?"

"இல்ல."

அவன் இளஞ்சூட்டுத் தண்ணீர் கேட்டான். நூலை மூட்டுகளுக்குள் விட்டு இழுத்தான், மெல்லிய பிளேட்டைச் செருகினான், ஊதினான், காத்திருந்தான். ஒன்றரை மணித்தியாலம். வாப்பா தொழுதுவிட்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு மூட்டும் பிரியும்போது பெயின்ட் கிழிகிற சத்தம் கேட்டது. பச்சைத் தோல் உரிந்து மஞ்சளில் ஒட்டியது, மஞ்சள் பச்சையில் ஒட்டியது. ஒரு முழங்கால் முறிந்தது. தலையை வெளியே எடுத்தபோது முகம் வெறும் சாம்பல் பிளாஸ்டிக். நீ தீட்டியது முழுக்க உள்தகட்டில் இழுபட்டுப் போயிருந்தது. அன்று நாங்கள் யாரும் அதைச் சரியாகப் பார்க்கவில்லை, என்ன முகம் வைத்திருந்தாய் என்று இனி யாருக்கும் தெரியாது.

"தேய்ச்சிட்டுத் திரும்ப அடிக்கலாம் ஐயா, நான் அடிச்சித் தாறன்" என்றான் அன்ரன்.

வாப்பா அதைக் கையில் வாங்கினார். "இவ்வளவையும் கெடுத்துட்டா போனான்? எனக்காகவா?" என்றார். "எண்ட வாய். எண்ட பொல்லாத வாய். ஆறு கிழம செஞ்ச வேலைய அவன்ட கையாலயே கெடுக்க வெச்சிட்டனே. அந்த நோவோடதான் போயிருப்பான். அந்த ஓசனையிலதான் டிப்பரக் கண்டிருக்க மாட்டான்."

அவருக்கு ஆறுதல் என்று நான் விட்டுவைத்த பொய், அவரையே குத்துகிற கத்தியாகிவிட்டது. அன்றிலிருந்து மறுபடியும் சரியான சாப்பாடு இல்லை. தொழுகைக் கதிரையைப் பின் அறைக்கு மாற்றிவிட்டார். உன் ரோபோ ஹோலில் அலுமாரியில் சாய்ந்தபடி நிற்கிறது, மடிக்கவும் ஏலாது, நேராக நிறுத்தவும் ஏலாது. எடுத்து வை என்று அவர் சொல்லவில்லை. வந்து வந்து அதன் முன்னால் நின்று, "மன்னிச்சிக்க மகன்" என்கிறார்.

முந்தாநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"வாப்பா, அத மடிச்சது நான். அவன் இல்ல. ஜனாஸா வரக்குள்ள நான்தான் மடிச்சன்."

அவர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அவன் மடிக்கல்ல" என்றார்.

"இல்ல."

"நான் அவ்வளவு சொல்லியும் மடிக்கல்ல."

"காயல்ல வாப்பா. உங்கட லொறியெண்டுதான் மடிக்கல்ல. காயல்ல எண்டு சொன்னானே."

"சொன்னான்" என்றார். முழங்காலைத் தடவிக்கொண்டார். "அப்ப கோவத்தோடதான் போனானா மகள்?"

என் நாக்கில் ஒரு பொய் ஆயத்தமாக இருந்தது றிசு, உன்னிடம் மறைக்க மாட்டேன். நீ குசினிக்கு வந்து சிரித்தாய், "வாப்பா அப்படித்தான் கத்துவாரு, பின்னேரம் சரியாகிரும்" என்று சொல்லிவிட்டுப் போனாய் என்று சொல்லலாம். அவர் நம்பியிருப்பார். அன்றைக்குச் சோறும் தின்றிருப்பார்.

"எனக்குத் தெரியா வாப்பா" என்றேன்.

அது உண்மை. நீ குசினி வாசலில் வந்து நின்றது எனக்குத் தெரியும். ரொட்டி தின்றுவிட்டுப் போ என்றேன். நீ ஏதோ சொன்னாய், அல்லது ஒன்றும் சொல்லவில்லை. நான் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தேன். உன் மேலும் வாப்பா மேலும் எனக்கும் அன்று எரிச்சல்தான். உன் முகம் எப்படி இருந்தது?

வாப்பா நேற்றும் கேட்டார், இன்றும் கேட்டார். நாளைக்கும் கேட்பார். ஊரே, நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்: என் தம்பி அதை மடிக்கவில்லை.

உனக்குப் பதிலாக இனி நான் ஒரு சொல்லும் பேச மாட்டேன், இது என் வாக்கு. வாப்பா கேட்கிற ஒவ்வொரு முறையும் தெரியாது என்றே சொல்வேன். சொல்லிவிட்டு எழும்பிப் போகாமல் அவர் பக்கத்திலேயே இருப்பேன்.

இப்படிக்கு,
அன்று திரும்பிப் பார்க்காமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்த
உன் ராத்தா