வெயில் மாதத்துச் சாவுகளும் நம் கடைக் கேமராவும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். இங்கே நான் நலம். உன் அப்பாவும் நலம்தான், ஆனால் அவரைக் கேட்டால் இல்லை என்பார், நம்பாதே, எனக்கு எடுத்து வைத்திருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, பசியே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அவர் பக்கத்திலேயே வந்து நின்றுகொள்கிறார். போன மாதம் நீ நம் போட்டோக் கடை எப்படி ஓடுகிறது என்று கேட்டதும் என் கையிலிருந்து பிடுங்கி, "வெயில்ல யாரும் வெளிய வர்றதில்லம்மா" என்று சொன்னாரே, அதில் வெயில் மட்டும்தான் உண்மை. மிச்சத்தை நான் சொல்கிறேன். அவர் உள்ளே தூங்குகிறார், எழுந்திருப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

இப்படி ஒரு மாதத்தை நான் பார்த்ததில்லை. ரோட்டில் தார் உருகிச் செருப்பில் ஒட்டியது, தெருநாய்கூட நம் கடைப் படிக்குக் கீழே வந்து நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்துக்கொண்டது. நம் ஊரில் பெரிய மனிதர்கள் என்று சொல்லிக்கொள்ள விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆள் உண்டு, அதில் நான்கு பேர் இந்த ஒரே மாதத்தில் போய்விட்டார்கள். முதலில் பாட்டுக்கார அம்மா. சின்ன வயதில் அவர் குரல் கேட்டால் நீ ரேடியோவுக்குப் பின்பக்கம் போய்த் தேடுவாயே, அவர்தான். பத்திரிகையில் போட்டிருந்த படத்தை நீ பார்க்க வேண்டுமே. ஏதோ கல்யாண விருந்தில் எடுத்தது, வாயை ஆவென்று திறந்து எதையோ கடிக்கப் போகிறார், காதுக்குப் பக்கத்தில் யாருடைய முழங்கையோ நீட்டிக்கொண்டிருக்கிறது. அவர் மகள் கடைக்கு வந்து, "எங்கம்மா பாடற மாதிரி ஒரு படம்கூட வீட்டுல இல்லக்கா, எல்லாத்துலயும் சாப்பிட்டுட்டுத்தான் இருக்காங்க" என்று அழுதாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும். அடுத்துப் போனது கேப்டன். பந்தாட்டத்தில் நம் ஊருக்கென்று ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்த மனிதர், கோப்பையோடு இருக்கும் படத்தை விட்டுவிட்டு அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி இரங்கல் கூட்ட மேடையில் மாட்டிவிட்டார்கள். போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி மேலேயிருந்து எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தார். பேசியவர்கள் எல்லாம் அவருடைய தங்கமான குணத்தைப் பற்றிப் பேசினார்கள், கேட்டவர்கள் எல்லாம் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சந்தேகப்பட்டார்கள்.

அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் மில் முதலாளியும் ரிட்டயர்டு ஜட்ஜும் உட்கார்ந்திருந்தார்கள். ஜட்ஜ் வேலையில் இருந்தபோது முதலாளிக்கு எதிராக ஒரு தீர்ப்பு எழுதியவர், அன்றிலிருந்து இருவரும் பிரியாத சிநேகிதர்கள், தினமும் சண்டை போட ஒரு ஆள் வேண்டும் அல்லவா. இருவரும் அந்தப் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மறுநாள் நான் கடை திறக்கப் போனால் இரண்டு பேரும் சலவைச் சட்டையில் படியில் நிற்கிறார்கள். யார் முதலில் உட்காருவது என்று அதற்கும் சண்டை. "வயசுல நான் மூத்தவன்" என்று முதலாளி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்தவர் சிரிக்க மாட்டேன் என்கிறார். நான் கேமராவுக்குப் பின்னால் நின்று, ஜட்ஜ் ஐயாவுக்கே ஒருநாள் அபராதம் விதித்தார்களாம், கேள்விப்பட்டீர்களா என்றேன், அவ்வளவுதான், குலுங்கிச் சிரித்தார், எடுத்துவிட்டேன், அடுத்து ஜட்ஜையும் எடுத்தேன். முதலாளி தன் படத்தைப் பார்த்துவிட்டு, "இது போதும்மா. இனிமே எப்ப வேணா போகலாம்" என்றார். சொன்னபடியே செய்தார் மனிதர். அந்த வாரமே உச்சி வெயிலில், யார் சொல்லியும் கேட்காமல், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடியேறி, இறங்கிவந்து கொஞ்சம் படுக்கிறேன் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பத்திரிகையில் என் படம் வந்தது, ஊரே அதைப் பார்த்து மெச்சியது. ஜட்ஜ் அந்தப் பத்திரிகையோடு வந்து, "இவனைவிட என் படம் பெரிசா வரணும், நீயே சொல்லி வெச்சிடு" என்று அதட்டினார். ஆனால் சிநேகிதர் முகத்தின் மேல் மடிப்பு விழாமல் பத்திரிகையை மடித்திருந்தார், அதை நான் கவனித்தேன். கொஞ்ச நாளில் அவரும் சாய்வு நாற்காலியில் மார்பின் மேல் பத்திரிகையை வைத்தபடியே போய்விட்டார். அவர் படம் முதலாளி படத்தைவிட ஒரு விரல் அளவு சின்னதாகத்தான் வந்தது. பாவம், பார்த்திருந்தால் மேல்முறையீடு செய்திருப்பார்.

நம் எதிர் மருந்துக்கடைக்காரர் இருக்கிறாரே, தலைவலி மாத்திரை கேட்டால் கூடவே ஒரு சேதியும் பொட்டலம் கட்டிக் கொடுப்பவர், அவர்தான் இதை முதலில் முடிச்சுப் போட்டது. "அக்கா கடையில படம் எடுத்த ரெண்டு பேரும் போயிட்டாங்க, கவனிச்சீங்களா" என்று ரகசியம் மாதிரி ஒவ்வொருவர் காதிலும் சொன்னார். அது கண் காது மூக்கு வைத்து ஊரைச் சுற்றித் திரும்பி வந்தபோது பாட்டுக்கார அம்மாவையும் கேப்டனையும்கூட நான்தான் எடுத்தேன் என்று ஆகியிருந்தது. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள் பஸ் நிலையத்துப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள், கல்லூரிக்காரர்கள் குரூப் போட்டோ வேண்டாம் என்றார்கள், ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் கேமரா வெளிச்சம் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அந்த வெயிலுக்கு ஈயும் வரவில்லை.

உன் அப்பா கதைதான் பெரிய வேடிக்கை. வேலையில் இருந்தவரைக்கும் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்தியவர், பேய் பிசாசு என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றியவர், இப்போது ஸ்டாண்டில் கேமரா இருந்தால் அதற்கு முன்னால் குனிந்து நடக்கிறார். என்னங்க முதுகு வலியா என்றால், "விளக்கு வெளிச்சம் கண்ணுல அடிக்குது" என்கிறார். விளக்கு அணைந்திருக்கிறது. நான் லென்ஸ் மூடியைக் கழற்றினால் அவருக்கு உடனே தண்ணீர் தாகம் எடுத்து உள்ளே போய்விடுகிறார்.

நான் சும்மா இருப்பேனா. ஊரே ஒரு ஆயுதத்தைக் கையில் கொடுத்திருக்கிறது. மருந்துக்கடைக்காரர் தன் ஸ்கூட்டரை வருஷக்கணக்காக நம் படியை மறித்து நிறுத்துகிறார், நானும் சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டேன், உனக்கே தெரியும். ஒரு காலை கேமராவை வாசலுக்கு எடுத்துவந்து, அவர் பக்கம் திருப்பி, நிதானமாக லென்ஸைத் துடைத்தேன். மாத்திரை வாங்க வந்தவரை அப்படியே நிறுத்திவிட்டு ஓடிவந்து வண்டியை உருட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு அந்த இடம் பளிச்சென்று காலியாக இருக்கிறது. பெயர்ப் பலகை அரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார், உட்காருங்கள் சார், ஞாபகமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றேன், பலகை அளவாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அத்தை இந்தக் கோடைக்கு இங்கே வந்து தங்கப்போவதாகச் சொல்லியிருந்தாள் அல்லவா. வாங்க அண்ணி, வந்ததும் முதல் வேலையாக உங்களைத் தனியாக ஒரு படம் எடுக்கிறேன் என்று போனில் ஆசையாகத்தான் சொன்னேன். மறுநாளே அவளுக்கு மூட்டுவலி வந்து பயணம் நின்றுபோனது. இதை உன் அப்பாவிடம் சொல்லிவிடாதே.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் கடைக்குள் நுழைந்தால், பழைய சாமான் வாங்குகிறவர் நம் விளக்குகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உன் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வரச் சொல்லியிருக்கிறார். "மூடிடலாம், போதும். உன்னை ஊர் இப்படிப் பேசறதை என்னால கேட்டுட்டு இருக்க முடியல" என்றார். எனக்கு வந்ததே கோபம். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து நான் நின்ற இடம் அது. சாமான்காரரை அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் குடையை மடக்கிக்கொண்டு ராணியம்மா உள்ளே வந்தார்.

உனக்கு அவரை ஞாபகம் இருக்கும், நாடகக்கார அம்மா, எந்த நாடகமானாலும் ராணி வேஷம்தான், அதனால் பெயரே அப்படி ஆகிவிட்டது. ஊரில் மிச்சமிருக்கும் பெரிய மனுஷி அவர் ஒருவர்தான். எண்பதைத் தாண்டியும் முதுகு வளையவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, "நல்லதா ஒண்ணு எடும்மா. அந்தப் பாட்டுக்காரி மாதிரி வாயைப் பொளந்துட்டுப் பேப்பர்ல வர நான் தயாரா இல்ல" என்றார். ஊரில் பேசிக்கொள்வது தெரியுமா என்று மெதுவாகக் கேட்டேன். "தெரியாம என்ன. நான் மேடையில சாகாத சாவா. விஷம் குடிச்சிருக்கேன், கோட்டை மேலருந்து குதிச்சிருக்கேன், ஒரு தடவை யானை மிதிச்சே செத்திருக்கேன். யானை வரல, சத்தம் மட்டும் வந்துச்சு. உன் கேமராவுக்கா பயப்படப்போறேன்" என்றார். அதற்குள் தெருவில் சேதி பரவி வாசலில் கூட்டம், முன்னால் மருந்துக்கடைக்காரர், கையில் யாருக்கோ கொடுக்க வேண்டிய இருமல் மருந்து.

நான் விளக்கைச் சரிசெய்தேன், அளவு பார்த்தேன், விரலை வைத்தேன். விரல் அழுந்தவில்லையடி. மாதம் முழுவதும் ஊரைக் கேலி செய்தவள் நான், என் விரலே என் பேச்சைக் கேட்கவில்லை. முதலாளி குலுங்கிச் சிரித்ததும், ஜட்ஜ் பத்திரிகையை மடித்து வைத்திருந்ததும் கண்ணுக்கு முன்னால் வந்தன. நான்கு பேர் போனதற்கு நான் ஒருநாள்கூட ஒழுங்காக உட்கார்ந்து அழவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. லென்ஸில் தூசி என்று ஏதோ உளறினேன். நடிப்பிலேயே ஊறியவரிடம் நடிக்க முடியுமா. கூட்டத்துக்குக் கேட்காதபடி, "பயமா இருக்கா" என்றார். நான் தலையை ஆட்டினேன். "எனக்கும்தான். அதான் தெருவுல ஆள் இருக்கற நேரமாப் பாத்து வந்தேன், எந்திரிச்சு ஓட முடியாதுல்ல" என்றார்.

உன் அப்பா எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தார். வழக்கம்போல் தண்ணீர் குடிக்க உள்ளே போகிறார் என்றுதான் நினைத்தேன். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, குனியாமல் நேராகக் கேமராவுக்கு முன்னால் நடந்துபோய் ராணியம்மாவுக்குப் பக்கத்தில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. "ரெண்டு பேரையும் சேத்து எடு" என்றார். என்னைப் பார்த்து, "எடும்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் அதே குரல். அந்தக் குரலுக்குத்தான் என் விரல் கேட்டது.

ஒன்றும் ஆகவில்லை. மாதம் முடிந்து அடுத்த மாதமும் பிறந்து வெயில் இறங்கியாயிற்று. ராணியம்மா தினமும் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குடையோடு நடக்கிறார், மருந்துக்கடை வாசலில் மட்டும் நின்று, "நல்லாப் பாத்துக்கப்பா, இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஆனால் அந்தப் படம் அவருக்குப் பிடிக்கவில்லை. "உன் வீட்டுக்காரர் பக்கத்துல பேயடிச்ச மாதிரி நிக்கிறார், பாக்கறவங்க என்னை விட்டுட்டு அவரைத்தான் பாப்பாங்க" என்கிறார். வெட்டி எடுத்துவிடலாம் என்றால், கம்ப்யூட்டரில் வெட்ட வேண்டியவர் உன் அப்பா, அவர் மாட்டேன் என்கிறார். அதனால் ராணியம்மா வாரம் தவறாமல் புதிதாக எடுத்துக்கொள்ள வருகிறார், எதுவும் திருப்தியில்லை, இந்த மூக்கோடு நான் போக மாட்டேன் என்கிறார்.

இனிதான் கூத்து. மருந்துக்கடைக்காரர் சேதியை மாற்றிவிட்டார். சார் பக்கத்தில் நின்றால் ஆயுசு கெட்டியாம். போன வாரம் தன் அம்மாவைக் கூட்டிவந்து, "சார் கொஞ்சம் கூட நிக்கணும்" என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அன்றிலிருந்து வயதானவர்கள் வரிசையில் வருகிறார்கள், எல்லாப் படத்திலும் உன் அப்பா. பாஸ்போர்ட் படத்துக்குக்கூட ஒருவர் கேட்டார், அரசாங்கம் ஒத்துக்கொள்ளாது என்று திருப்பி அனுப்பினேன். "இதுக்கு விஞ்ஞானப்படி எந்த ஆதாரமும் கிடையாது" என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறார், சொல்லிக்கொண்டே தலையைச் சீவிக்கொள்கிறார். சலவைக்காரரிடம் அவர் சட்டைதான் மலைபோல் கிடக்கிறது.

நேற்று நான் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தபோது கடையில் ஒருவரும் இல்லை. திரை விலகிய இடத்தில் பார்த்தால் உன் அப்பா ஸ்டூலில் தனியாக உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறார். நான் செருப்புச் சத்தம் கேட்கும்படி உள்ளே வந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. "என்னையும் தனியா ஒண்ணு எடுத்து வெச்சிடேன். பின்னால நீ தேடிட்டு நிக்கக் கூடாதில்ல" என்றார், சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கேமராவுக்குப் பின்னால் போய் நின்று வெகு நேரம் அவரைப் பார்த்தேன். பிறகு மூடியை எடுத்து லென்ஸில் மாட்டினேன். முடிவெட்டு சரியில்லை, மூஞ்சியும் வெயிலில் கறுத்துக் கிடக்கிறது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். "அடுத்த வருஷமா" என்றார். அதுவும் நிச்சயமில்லை, உங்கள் மூஞ்சி அவ்வளவு சீக்கிரம் சரியாகாது என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டேன்.

உள்ளே இருமல் சத்தம் கேட்கிறது, எழுந்துவிட்டார், நிறுத்துகிறேன். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, கண் எரிகிறது என்றாயே, டாக்டரிடம் காட்டினாயா, காட்டியிருக்க மாட்டாய், இந்த வாரமே போ. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் இருவரும் தலை நரைத்துப் பல் விழுந்த பிறகும் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு நீண்ட காலம் வாழ வேண்டும், அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், அவர் எடுத்தால் கடை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள், மிச்சத்தை அவரே அரை மணி நேரம் சொல்வார், அப்போதுதான் முதல்தடவை கேட்பதுபோல் கேட்டுக்கொள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா