படிக்கத் தெரியாத பெட்டிக்காரன்

பொட்டிலங்கா
வியாழக்கிழமை

அன்பு மகள் சிட்டெம்மாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. முதலில் இந்த எழுத்தைப் பார்த்து மிரண்டுவிடாதே அம்மா, கோழி சேற்றில் நடந்த மாதிரி இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது, ஒரு வரி மேட்டில் ஏறுகிறது, அடுத்த வரி பள்ளத்தில் இறங்குகிறது, சில எழுத்துகள் தேங்காய் அளவும் சில எழுத்துகள் கடுகு அளவும் வந்துவிட்டன, பொறுத்துக்கொள். இது குமாஸ்தா சூரிபாபு எழுதியது இல்லை. நானே எழுதுகிறேன். உன் அப்பா, என் சொந்தக் கையால். இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துக் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன், உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து "என்ன, ஒத்த வரி எழுதுறதுக்குள்ள பைத்தியம் பிடிச்சிருச்சா" என்று கேட்டாள். நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீ அங்கே குவைத்தில் உடம்பும் மனசும் கெடாமல் இருக்க நூக்காலம்மாவுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைக்கிறோம். உன் பெண் பாப்பாயிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, வாயைத் திறந்தாலே காற்றுதான் வருகிறது, ஆனாலும் பேச்சு குறையவில்லை.

நான் எப்படி எழுதக் கற்றேன் என்று கேட்பாய். பெண்கள் சங்கத்தில் சாயந்திரம் எழுத்து வகுப்பு நடக்கிறது இல்லையா, உன் அம்மா அதற்குப் போகிறாள். அங்கே அன்றைக்குப் படித்ததை வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு எனக்குச் சொல்லிக்கொடுப்பாள். எப்போதும் என்னைவிட ஒரு பாடம் முன்னால் இருப்பாள், அதில் அவளுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. நான் தப்பாகப் போட்டால் கரண்டிக் காம்பால் விரலில் ஒரு தட்டு. "ஊருக்குத்தான் நீங்க மெம்பர், இங்க நான் வாத்தியாரம்மா" என்பாள். ஏழு மாதம் ஆயிற்று. பாப்பாயிக்குக்கூடத் தெரியாது, பல் இல்லாத அந்த வாயில் எதுவும் தங்காது. ஏன் இவ்வளவு ரகசியம் என்றால் பெட்டிதான் காரணம். அதைத்தான் இந்தக் கடிதத்தில் உன்னிடம் சொல்ல வேண்டும், வேறு யாரிடமும் சொல்ல முடியாமல் வலைக்குள் போன மீன் மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறேன்.

நம் டிரங்குப் பெட்டி உனக்குத் தெரியும். பங்கு பிரித்தது, பெண் கொடுத்தது, சண்டை தீர்ந்தது என்று கோதாவரி நடுவில் தீவாகக் கிடக்கிற இந்த லங்காவில் யார் எந்த ஒப்பந்தம் எழுதினாலும் மடித்து நூல் கட்டி அந்தப் பெட்டியில்தான் வைப்பார்கள். என் அப்பாவுக்கும் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது, அதனால்தான் பெட்டி நம் வீட்டில் இருக்கிறது. எழுதும்போதுகூடப் பெட்டிக்காரன் காதுக்கு எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். நீ பத்தாவது படித்த காலத்தில் வீட்டில் படிக்கிற பெண் இருக்கிறாளே என்று ஊர் முணுமுணுத்தது, அன்றைக்குச் சாவி என் அரைஞாணில் ஏறியது, குளிக்கும்போதும் இறங்கவில்லை. என்னை இரண்டு தடவை மெம்பர் ஆக்கியதும் அந்தச் சாவிதான் என்று எனக்குத் தெரியும். குழாய்க்கும் துறை விளக்குக்கும் நான் அலைந்தது அப்புறம். நூக்கய்யா வாயும் திறக்க மாட்டான், காகிதமும் படிக்க மாட்டான் என்றுதான் ஓட்டுப் போட்டார்கள்.

எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் என் கண்ணுக்கு வெறி பிடித்துவிட்டது அம்மா. உரச்சாக்கு, தீப்பெட்டி, காலண்டர், சோப்பு உறை எல்லாவற்றையும் படித்தேன். வீட்டில் படிக்க வேறு ஒன்றும் இல்லை. போன மாதம் ஒரு மத்தியானம் பெட்டியைத் திறந்தேன். எழுத்தைத்தான் கூட்டிப் பார்க்கிறேன், விஷயத்தைப் படிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுத்தைக் கூட்டினால் விஷயமும் கூடவே வந்துவிடும் என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்தபோது பதினோரு காகிதம் ஆகிவிட்டது. இனிக் குடிப்பதில்லை என்று மாமனாருக்கு யார் எழுதிக்கொடுத்திருக்கிறான், யார் வீட்டில் எந்தக் குழந்தை தத்து எடுத்தது, எல்லாம் என் வயிற்றில் வந்து உட்கார்ந்துகொண்டது. படித்ததைப் படிக்காததாக ஆக்க ஒரு வழியும் இல்லை. தெருவில் எதிரே வருகிறவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டீக்கடையில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன், ஆனால் கண் தானாகத் தலைகீழாகவே படிக்கிறது. அக்கரையில் பஸ் வந்து நின்றால் போர்டில் அமலாபுரம் என்று எழுத்தெல்லாம் என்னைப் பார்த்துக் கத்துகிறது, நான் பக்கத்தில் நிற்பவனிடம் இது எங்கே போகும் தம்பி என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதுவரை சிரிப்புதான். இனிமேல் சொல்வது சிரிப்பில்லை. மங்கதாயியை உனக்கு நினைவிருக்கும், ஆற்றுக்கரை வீடு, படகு கவிழ்ந்து புருஷன் போனவள். அவன் செத்த வருடமே அவளுக்கும் அவள் கொழுந்தன் கன்னிபாபுவுக்கும் பங்கு பிரித்தார்கள். கரையில் நிற்கிற எட்டுத் தென்னை அவளுக்கு என்று பெரிய வாத்தியார் எழுதினார், இருவரும் கைநாட்டு வைத்தார்கள், காகிதம் என்னிடம் வந்தது. வாத்தியார் இப்போது இல்லை. மாசி மாதம் மங்கதாயி பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்தது. முடிந்த கையோடு கன்னிபாபு வந்து, பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும் வரைதான் மரம் அவளுக்கு, இனி எனக்கு என்கிறான். அந்த எட்டு மரம் தவிர அவளுக்கு வேறு ஒன்றும் கிடையாது. தேங்காயும் மட்டையும் கீற்றும்தான் அவள் அடுப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை துறையில் வாகை மரத்தடியில் ஊர் கூடியது. பெட்டியிலிருந்து காகிதத்தை எடுத்து சூரிபாபு கையில் கொடுத்தேன். வாத்தியார் போன பிறகு அவன்தான் படிக்கிறான், உனக்கு நான் போட்ட கடிதமெல்லாம் எழுதியவனும் அவன்தான். அவன் மகளைக் கன்னிபாபு மகனுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. நூலைப் பிரித்து, தொண்டையைச் செருமி, "பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும் வரை" என்று படித்தான். அம்மா, நான் படித்த நான்காவது காகிதம் அது. அதில் அப்படி இல்லை. மங்கதாயி உயிரோடு இருக்கும் வரை என்று இருக்கிறது. வாத்தியாரின் எழுத்து முத்து முத்தாக, என்னைப் போன்றவனுக்கே தடங்கல் இல்லாமல் படிக்க வந்தது. மங்கதாயி எழுந்து "வாத்தியார் அன்னிக்கு அப்படி வாசிக்கலையே, என் காதுல இன்னும் இருக்கே" என்றாள். கன்னிபாபு "உன் காதைத் துறையில காயப்போடு அண்ணி, காகிதம் பேசுது இங்க" என்றான். ஊர் சிரித்தது. நான் வாய் திறக்கவில்லை. திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். காகிதத்தை வாங்கி மடித்து நூல் கட்டி வீட்டுக்கு வந்துவிட்டேன். 

தகராறு வந்த காகிதத்தை ஊர் முன்னால் இரண்டு தடவை படிப்பார்கள், வருகிற ஞாயிறு இரண்டாவது படிப்பு. அதோடு முடிந்தது, நம் வழக்கப்படி காகிதத்தைக் கோதாவரியில் விட்டுவிட வேண்டும், விடுவதும் பெட்டிக்காரன் கைதான். திங்கட்கிழமை அந்த மரங்களுக்குக் காய் பறிப்பு. கன்னிபாபு மரம் ஏறுகிறவர்களுக்குச் சொல்லிவிட்டானாம். நேற்று மங்கதாயி வாசலில் வந்து நின்றாள், அழவில்லை, "மாமா, அந்தப் பெட்டிக்குள்ள நெசம் இருக்கு, ஆனா எனக்கும் தெரியல உங்களுக்கும் தெரியல, ரெண்டு குருடுங்க விளக்கைச் சுத்தி நிக்கிற மாதிரி நிக்கிறோம்" என்றாள். எனக்கு உள்ளே போய்ப் பெட்டிமேல் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது. சொன்னால் நாற்பது வீட்டுக் காகிதத்தையும் திருடிப் படித்தவன் ஆவேன், அப்பா காலத்திலிருந்து வந்த பேர் போகும், இனி இந்த லங்காவில் யாரும் யாரையும் நம்பி எதையும் எழுதிவைக்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் அவள் மரம் போகும். அக்கரையிலிருந்து யாரையாவது கூட்டிவந்து படிக்கச் சொல்லலாம் என்றால் வெளியாள் கண் படக்கூடாது என்பதும் வழக்கம். உன் அம்மா "சாவியை என்கிட்ட குடுங்க, நான்தான் படிச்சேன்னு சொல்றேன், பழி எம்மேல வரட்டும்" என்கிறாள். அது எப்படி முடியும். நான்தானே படித்தேன். கை வலிக்கிறது, நாளை எழுதுகிறேன்.

இது புதன்கிழமை. நாளை எழுதுகிறேன் என்றேன், ஆறு நாள் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை சூரிபாபு மறுபடியும் அதையேதான் படித்தான், இந்தத் தடவை இன்னும் சத்தமாக. படித்துவிட்டுக் காகிதத்தை என் கையில் கொடுத்தான். நான் படி இறங்கினேன். தண்ணீர் செம்மண் கலரில் வந்துகொண்டிருந்தது, கணுக்கால் வரை நனைந்தது. காகிதத்தை விடக் குனிந்தேன். விரல் விடவில்லை அம்மா. வேறு ஒன்றும் நான் யோசிக்கவில்லை, விரல்தான் விடவில்லை. பின்னால் கன்னிபாபு "என்ன மெம்பர் காரு, மீன் பிடிக்கிறீங்களா" என்று கேட்டான். நான் நிமிர்ந்து திரும்பி, காகிதத்தைப் பிரித்து, ஆள்காட்டி விரலை முதல் எழுத்தின்மேல் வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு எழுத்தாக, வீட்டில் அடுப்படியில் படிப்பதுபோல. நடுவில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு திரும்ப முதலிலிருந்து போனேன். மங்கதாயி உயிரோடு இருக்கும் வரை என்று முடித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது.

சூரிபாபு துள்ளி எழுந்தான். "தலைகீழா பிடிச்சிருக்காரு பாருங்கய்யா! மங்கதாயி சொல்லிக்குடுத்ததை மனப்பாடமா ஒப்பிக்கிறாரு!" என்றான். டீக்கடைப் பழக்கம், தலைகீழாகத்தான் பிடித்திருந்தேன், எல்லோரும் சிரித்தார்கள். படகுக்கார அப்புலு மட்டும் சிரிக்காமல் "இரு இரு, நானே சோதிக்கிறேன். சித்தப்பா, என் படகுல என்ன எழுதியிருக்கு, படி" என்று கைகாட்டினான். படகு கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது, அது ஆடும்போது நானும் தலையை ஆட்டிக்கொண்டு படித்தேன். ஸ்ரீ கங்கா பவானி. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், இருபது பேருக்கு மேல் ஏறக்கூடாது. தினமும் நாற்பது பேரை ஏற்றுகிற அப்புலுவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "அடப்பாவி, அதுல அப்படியா எழுதியிருக்கு" என்று ஒரு கிழவர் கேட்டார். அப்போது வந்த சிரிப்பு எனக்கானது இல்லை. சூரிபாபு உட்கார்ந்துவிட்டான். மங்கதாயி படி இறங்கி வந்து காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மாரோடு வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. அதற்குத்தான் நான் ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தேன். கூட்டத்திலிருந்து ஒரு குரல், யார் என்று சொல்ல மாட்டேன், "எங்க காகிதத்தையும் படிச்சியா நூக்கய்யா" என்று கேட்டது. பதினொன்று படித்தேன் என்று சொன்னேன். எது எது என்று கேட்டார்கள். சொல்ல மாட்டேன் என்றேன். அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து வாகை மரத்து ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். நடக்கும்போது இடுப்பு ஏதோ குறைந்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை கன்னிபாபுவின் ஆட்கள் ஏறவில்லை. மங்கதாயி பறித்து முதல் குலையை நம் வாசலில் போட்டுவிட்டுப் போனாள். அன்று காலையிலிருந்து ஒவ்வொருவராக மரத்து ஆணியிலிருந்து சாவியை எடுத்துவந்து பெட்டியைத் திறந்து காகிதத்தை எடுத்துப் போகிறார்கள். என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள், பாதிப் பேர் வாசல் வரை போய்த் திரும்பி வந்து "இதுல என்னதான் எழுதியிருக்கு" என்று என் காதில் கேட்கிறார்கள். கைநாட்டு வைத்தவர்களுக்கே தெரியவில்லை அம்மா. கதவுக்குப் பின்னால் உட்காரவைத்து மெதுவாகப் படித்துச் சொல்கிறேன். மூன்று நாளாக வாசலை விட்டு நகர முடியவில்லை, சந்தைக்குப் போய் ஒரு வாரம் ஆயிற்று, உன் அம்மா டீ போட்டே ஓய்ந்துபோனாள். ஆனாலும் சொந்தக்காரர்கள்கூட என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பிரசிடெண்ட் என்னை ராஜினாமா செய்யச் சொல்லி ஆள் அனுப்பினார், இதுவரை நான் கைநாட்டு வைத்த தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள், படித்துப் பார்த்துவிட்டுச் செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன், அப்புறம் சத்தமில்லை. அடுத்த தேர்தலில் யார் எனக்குப் போடுவார்கள் என்று தெரியவில்லை. மங்கதாயி போடுவாள். உன் அம்மா யோசித்துச் சொல்கிறேன் என்கிறாள்.

பெட்டி காலியாகிவிட்டது. அடியில் உன் கடிதங்கள் மட்டும் இருக்கின்றன, மூன்று வருடத்துக் கடிதங்கள், எல்லாம் டீக்கடை பெஞ்சில் சூரிபாபு உரக்கப் படிக்க, ஊரே கேட்டவை. நேற்று அவற்றை நானே படித்தேன். நன்றாக இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்றுதான் ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறாய். ஊர் கேட்கும் என்று தெரிந்து எழுதினாய் என்பது படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. இனிமேல் அப்படி எழுத வேண்டாம் அம்மா. எனக்கு மட்டும் எழுது. வயிற்றுக்குச் சாப்பாடு போடுகிறார்களா, தூங்க விடுகிறார்களா, யாராவது கை நீட்டுகிறார்களா, பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா, திரும்பி வர வேண்டும் போல இருக்கிறதா, உள்ளதை உள்ளபடி எழுது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடு. நான் மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் ஒரு எழுத்தையும் விட மாட்டேன், ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன், ஒருவருக்கும் சொல்ல மாட்டேன். வா என்று நான் எழுத வேண்டுமென்று காத்திருந்தாயானால், இதோ எழுதிவிட்டேன்.

வெயிலில் தலைக்குத் துணி போடாமல் போகாதே, மோர் கிடைத்தால் குடி. நூக்காலம்மா உன்னை நடக்கிற வழியெல்லாம் காப்பாற்றட்டும். உன் அம்மா தனியாக ஒரு வரி எழுதியே தீருவேன் என்று பேனாவுக்கு நிற்கிறாள், ஓரத்தில் இருப்பது அவள் எழுத்து, என்னுடையதைவிட அழகாக இருக்கிறது என்று எனக்கு எழுதித் தொலைக்காதே. அடுத்த வாரமும் எழுதுவேன். இந்தக் கடிதத்துக்கு ஏழு நாள் பிடித்தது, ஆகையால் அடுத்த வாரக் கடிதத்தை இன்றைக்கே தொடங்கிவிடுகிறேன்.

உன் அப்பா
நூக்கய்யா
இது கைநாட்டு இல்லை, கையெழுத்து.