கார்டில் மேசன் என்று இருந்தவருக்கு

என் பிரியமுள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் இருந்த காலத்தில் உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் ஷார்ஜாவுக்கு வரும்வரை போனிலேயே குடும்பம் நடத்தினோம். இப்போது போனை எடுக்க நீங்கள் இல்லை, அதனால் எழுதுகிறேன். கோபப்படாமல் முழுக்க வாசியுங்கள். யாரிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டுக்கொண்டீர்களோ, அவளிடமே சொல்லிவிட்டேன். நம் மகள் ஸபியாவிடம்.

சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள்தான் எதையும் முதலிலிருந்து கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆளாயிற்றே, அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத ஆசைதான். களைப்பாக இருக்கிறேன் மச்சான். நாம் இருந்த ரோலா ஃப்ளாட்டை விட்டுவிட்டோம். ஒரு மலையாளக் குடும்பத்தோடு ஷேரிங்கில் ஒரு ரூம். காலையில் பாத்ரூமுக்கு வரிசை, அடுப்புக்கு வரிசை, லிஃப்டுக்கு வரிசை. நீங்கள் போனதும் உங்கள் விசாவும் போயிற்று; பள்ளிக்கூட ஆபீசில் வேலை கிடைத்து அவர்கள் விசாவில்தான் நானும் பிள்ளையும் ஷார்ஜாவில் இருக்கிறோம். நாள் முழுக்க முன் மேசையில் உட்கார்ந்து பெற்றோர்களிடம் திட்டு வாங்குகிறேன். பஸ் லேட்டானாலும் என்னைத்தான் திட்டுகிறார்கள், ஏசி ஓடாவிட்டாலும் என்னைத்தான்.

ஸபியா பெரியவளாகிவிட்டாள். உங்கள் ஜனாஸாவை அடக்கம் செய்த கையோடு பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் போனாளே, எப்படித்தான் எழுதினாளோ, நல்ல மார்க். யூனிவர்சிட்டியில் இடம் கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது. கணக்கு வழக்கு படித்து ஏதாவது பேங்கில் சேருவாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன். அவள் போய்ச் சேர்ந்தது ஹானர்ஸ் காலேஜில்.

அது யூனிவர்சிட்டிக்கு உள்ளேயே தனியாக ஒரு காலேஜ். மார்க்கை மட்டும் பார்க்காமல், கேள்வி கேட்கிற பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்துச் சின்னச் சின்ன வகுப்பாக உட்கார வைக்கிறார்கள். அங்கே அவள் எடுத்திருப்பது பல துறைகளையும் கலந்து படிக்கிற லிபரல் ஆர்ட்ஸ் டிகிரி. ஒரு பருவத்தில் வளைகுடா வரலாறு, கூடவே புள்ளியியல், சட்டம், தத்துவம், போட்டோ எடுப்பதற்கு ஒரு வகுப்பு. கடைசியில் பிள்ளையே சொந்தமாக ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, படித்த எல்லாவற்றையும் வைத்து அதற்குப் பதில் தேடி ஆய்வேடு எழுத வேண்டும். மூன்றாம் வருஷம் முடிவதற்குள் அந்தக் கேள்விக்கு அனுமதி வாங்காவிட்டால், ஹானர்ஸ் காலேஜை விட்டு இறங்கிச் சாதாரண பிசினஸ் டிகிரியில் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

இதை நான் ஊரில் எப்படிச் சொல்லிப் புரிய வைப்பேன்? உங்கள் கூடப்பிறந்த லாத்தாதான், என் அருமை மைனி, வெள்ளிக்கிழமை தவறாமல் போன் போட்டுக் கேட்கிறார்கள். நானும் வரலாறு, சட்டம் என்று இழுத்து இழுத்துச் சொன்னேன். "எல்லாத்தையும் படிக்குதுண்டா, வேலைக்குப் போறப்ப கார்டுல என்னாண்டு அடிப்பாஹ?" என்றார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதே கேள்விதான்.

நம் ஆட்களுக்கு, தொழிலைப் போட்டு அரசாங்கம் கொடுக்கிற லேபர் கார்டுதானே எல்லாம். ஆனால் கார்டில் இருப்பதற்கும் பார்க்கிற வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் ஊரே சிரிக்கும். மொபைல் கடை காதருக்குக் கார்டில் ஆட்டு இடையன். குவைத்தில் ஃபர்வானியாவில் இருக்கிற என் தம்பிக்கு வீட்டு டிரைவர். அவனுக்கு ஒழுங்காகச் சைக்கிள் ஓட்ட வராது. எந்த விசா கையில் கிடைத்ததோ அதில் ஏறி வந்து, கிடைத்த வேலையைப் பார்த்துக்கொண்டு, செக்கிங் வந்தால் பின் கதவால் போய்விட்டு வருகிறவர்கள்.

நீங்கள் மேசன், அதாவது கொத்தனார். மளிகை மொத்தக் கடையில் கல்லாவிலிருந்து கன்டெய்னர் வரைக்கும் நீங்கள்தான் பார்த்தீர்கள், ஒரு செங்கல்லைக்கூடத் தொட்டதில்லை. விசா கொடுத்த அரபி முதலாளி, உங்கள் கஃபீலுக்குக் கட்டடக் கம்பெனியும் இருந்ததால் அந்த விசாவில் உங்களைப் போட்டார். அடுத்த ரினியூவலில் மாற்றிக்கொள்ளலாம், அடுத்த ரினியூவலில் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியே காலத்தை ஓட்டினீர்கள். ஊருக்குச் சொன்னது மேனேஜர் என்று. மேசன் விசாவில் குடும்பத்தைக் கூப்பிட முடியாது என்பதுகூட எங்களுக்குத் தெரியாமல், பிள்ளையின் படிப்பு கெடும், வெயில் தாங்காது என்று ஏதேதோ சாக்குச் சொன்னீர்கள். தொழிலைப் பார்க்க மாட்டோம், சம்பளத்தைப் பார்த்தால் போதும் என்று சட்டம் மாறிய பிறகுதான் நாங்கள் விமானம் ஏறினோம்.

வந்த முதல் வாரமே உங்கள் கார்டைப் பார்த்துவிட்டேன். இது என்ன கூத்து, உங்கள் பி.காம் சான்றிதழை அட்டெஸ்ட் பண்ணிக் கொடுத்தால் மேனேஜர் என்றே மாற்றலாமே என்று நான் சாதாரணமாகத்தான் கேட்டேன். நீங்கள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரே இடத்தில் பெட்டியை வைத்துவிட்டீர்கள், காலர் கருகிப் போயிற்று. அப்புறம்தான் சொன்னீர்கள், பரீட்சையில் ஒரு பேப்பர் போய்விட்டது, திரும்ப எழுதுவதற்குள் விசா வந்துவிட்டது, டிகிரி என்று ஒன்று கையில் இல்லவே இல்லை என்று.

"ஸபியாவுக்கு மட்டும் தெரிய வேணாம் மைமூன். வாப்பா படிச்சவருண்டு அவ ஊரு ஸ்கூல் முழுக்கச் சொல்லி வச்சிருக்கா."

எனக்குக் கோபம் வரவில்லை மச்சான். அதை நான் அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் கருகின சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள், நானும் சரி என்று தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

நீங்கள் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த பிறகு, மவுத்தைப் பதிவு பண்ணினார்களே, தொழில் என்ற இடத்தில் கார்டில் இருந்ததை அப்படியே எடுத்து எழுதிவிட்டார்கள். மேசன். ஸபியா அதைப் பார்த்தாள். இது யாரோ வேறு ஆள், தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று கவுண்டரில் சண்டைக்குப் போனாள். நான்தான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அப்போது அவளுக்கு நான் ஒன்றும் விளக்கவில்லை, விளக்குகிற தெம்பும் இல்லை.

அவள் விடவில்லை, கார்டிலேயே அப்படித்தான் இருந்தது என்று தானாகத் தெரிந்துகொண்டாள். உங்கள் பிள்ளை அல்லவா, வெளியே அமைதி, உள்ளே பிடிவாதம். ஹானர்ஸ் காலேஜில் அவள் எடுத்த கேள்வியே இதுதான்: கார்டில் ஒன்றும் வாழ்க்கையில் இன்னொன்றுமாக இருந்த மனிதர்கள் தங்களை என்னவென்று நினைத்துக்கொள்கிறார்கள்? சட்டம் ஒரு பக்கம், வரலாறு ஒரு பக்கம், அவர்களுடைய போட்டோ, பேச்சு. வேறு கேள்வி எடு என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் அவளுடைய பேராசிரியை, சூடானிலிருந்து வந்த அம்மா ஒருவர், நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டாராம்.

காதரையும் இன்னும் சிலரையும் பேட்டி எடுக்கத் திட்டம். மனிதர்களைப் பேட்டி எடுத்தால் அவர்களுக்கு ஆபத்து வருமா என்று பார்க்க அங்கே ஒரு குழு இருக்கிறது. கார்டில் இல்லாத வேலையைப் பார்ப்பது குற்றம், பெயரை மறைத்தாலும் கண்டுபிடிக்கலாம், வேண்டாம் என்று அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது நியாயம்தான். காதருமே பேச வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அப்புறம் போனை எடுக்கவில்லை. கடைசியில் ஒருநாள் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து, வாசலிலேயே நின்று, தலையைச் சொறிந்துகொண்டு, உங்களை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவாரே, அப்படியே சொன்னார்.

"எங்கள விட்டுருங்கோ லாத்தா, புள்ளகுட்டிக்காரங்க. காக்காவப் பத்தி எழுதச் சொல்லுங்கோ. மவுத்தானவர எந்த நாடு லாத்தா திருப்பி அனுப்பும்?"

இதே யோசனையைப் பேராசிரியையும் சொல்லியிருக்கிறார். இறந்துபோன ஒருவரைப் பற்றி என்றால் குழு ஒத்துக்கொள்ளும், ஆனால் நெருங்கிய உறவு சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நெருங்கிய உறவு என்றால் நான்தான். பெயரை மாற்றி எழுதேன் என்று ஸபியாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். வாப்பாவை மறைத்து வைத்தது போதும் என்று சொல்லிவிட்டாள். ஆய்வேடு முடிந்ததும் எல்லோர் முன்னாலும் பேச வேண்டுமாம், லைப்ரரி இணையத்திலும் போடுவார்களாம். சவுதியில் தம்மாமில் இருக்கிற உங்கள் லாத்தா மகன் எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பானே, அவன் கண்ணில் படாமல் போகுமா?

நான் இழுத்தடித்தேன். ஆபீசில் வேலை, தலைவலி, நாளைக்குப் பார்க்கலாம். கெடு நெருங்கிக்கொண்டே வந்தது. எனக்கு மேசன் என்பது பயமில்லை மச்சான், அதை எப்படியாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். ஏன் கார்டை மாற்றவில்லை என்று எழுத ஆரம்பித்தால் அந்தச் சான்றிதழில் வந்து நிற்கும். அதை விட்டுவிட்டு எழுதச் சொன்னால் அவள் உங்களைப் பற்றிப் பொய் எழுதுவாள், அது பொய் என்றே தெரியாமல். இப்படி ஒரு முடிச்சில் என்னைக் கட்டிப்போட்டுவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள்.

போன சனிக்கிழமை காலை, நாஷ்டா முடிந்து தட்டைக்கூட எடுக்கவில்லை, அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"பரவால்ல உம்மா. நான் பிசினஸ்ல சேந்துக்கறேன். மாஸ்டர்ஸ் பண்றப்ப வேணா இதப் பாத்துக்கலாம்."

அப்படியே உங்கள் குரல். அடுத்த ரினியூவலில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வீர்களே, அதே தணிவு, அதே பொய். அடுத்தது என்று ஒன்று உங்களுக்கு வரவே இல்லை. இவளும் இப்படியே வேறொரு கார்டை மாட்டிக்கொண்டு காலம் முழுக்கப் போய்விடுவாளோ என்று பயந்துவிட்டேன். நீங்கள் மேசனாக இருந்ததைத் தாங்கினேன். இதைத் தாங்க என்னால் முடியாது.

போனில் ரெக்கார்டைப் போடு என்றேன். எதற்கு என்றாள். போடு என்று அதட்டினேன். வாப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கடையை, கன்டெய்னரை, லேபர் கேம்ப் பையன்கள் சம்பளம் வராதபோது உங்களிடம் வந்து நிற்பதை, கஃபீலிடம் அரபியில் வாதாடி உங்களுக்கென்று எதுவும் கேட்காமல் திரும்பி வருவதை. அப்புறம் அந்தக் கருகின சட்டை நாளையும் சொன்னேன். டிகிரி இல்லை என்பதையும் சொன்னேன். நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தார், உன் முன்னால் மட்டும் சின்ன ஆளாகிவிடக் கூடாது என்று நினைத்தார் என்றும் சொன்னேன்.

அழுவாள், இல்லை என்னிடம் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன்.

"எந்தப் பேப்பர்ல போச்சு?" என்றாள்.

புள்ளியியல் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் அதுதான் போன பருவத்தில் உயிரை எடுத்ததாம், ஏதோ கரையேறினாளாம். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்புறம் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். வாப்பா என்கிட்ட சொல்லியிருக்கலாமே உம்மா, நான் சொல்லிக் குடுத்திருப்பேனே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கார மலையாளச் சேச்சி எட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உங்கள் பெயர் உங்கள் பெயராகவே வரும். குழுவும் ஒத்துக்கொண்டது, ஸபியா ஹானர்ஸ் காலேஜிலேயே இருக்கிறாள். இந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும், அவள் கார்டில் என்ன அடிப்பார்கள், என் விசா எத்தனை நாளைக்கு, எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. காலையில் எழுந்தால் அதே பள்ளிக்கூடம், அதே முன் மேசை. களைப்பு எங்கும் போய்விடவில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். மைனிக்கு இது இணையத்தில் பார்த்துத் தெரிய வேண்டாம். இந்த வெள்ளிக்கிழமை போன் வரும்போது என் வாயாலேயே சொல்கிறேன். மேசன் என்றும் சொல்வேன், பி.காம் முடிக்கவில்லை என்றும் சொல்வேன். என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன், உங்களைத் திட்ட விடமாட்டேன்.

உங்களுக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும். நீங்கள் போனதிலிருந்து ஒருநாள்கூட என் கனவில் வரவில்லை மச்சான். ஊரில் எல்லோருக்கும் வருகிறீர்களாம், எனக்கு மட்டும் இல்லை. இப்போதுதான் காரணம் இருக்கிறதே, சண்டை போடவாவது வாங்கோ.

உங்கள் மாமி மகளும்
உங்கள் ஸபியாவின் உம்மாவுமான
மைமூன்