கம்பளத்தில் சாயத்தண்ணி

14.10.2003 செவ்வாய்

மத்தியானத்திலிருந்து மழை. செல்லையா வழக்கம்போல லுணுகலை பஸ்ஸில் வந்தார். தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் டீமேக்கராக இருந்தவர். நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அதிபர். இருவருமே இப்போது ஓய்வு. செவ்வாய் தோறும் கட்டப் பலகையில் காய் நகர்த்தித் தாம் ஆட்டம்.

இடது கையில் கருப்பட்டி, வலது கையில் சாயத்தண்ணி, பாலில்லாத வெறும் டீ. கடித்துக் கடித்துத்தான் குடிப்பார். பேச்சு மும்முரத்தில் கை நடுங்கி, பாதிக் கோப்பை மருமகள் பத்மாவின் கம்பளத்தில். அவர் பார்க்கவில்லை. கண்ணும் முன்போல இல்லை. நான் காலால் மறைத்துக்கொண்டேன். சொல்லியிருக்கலாமோ? சொன்னால் இனி வரமாட்டார்.

போன மாதம் அவர் கோப்பையை உடைத்தபோதே பத்மா சொல்லிவிட்டாள். "இன்னொரு தடவ ஏதாச்சும் ஆனா அந்த ஐயாவ வராந்தாவுலயே உக்கார வச்சிருங்க மாமா."

சர்வீஸ் முழுக்க துரை பங்களா வராந்தாவில் நின்ற மனுஷர். நானும் அங்கேயே வைப்பதா?

பத்மா பேங்க் ட்ரெய்னிங்குக்குக் கண்டியில். வெள்ளி வருவாள். அதற்குள் கறை போக வேண்டும்.

15 புதன்

தூக்கம் சரியில்லை. வெயில், பிறகு மூட்டம்.

நேற்றே பழைய வேட்டித் துணியால் ஒற்றியாயிற்று. தேய்க்கவில்லை, தேய்த்தால் பரவும். இன்று:
- பச்சைத் தண்ணீர். ஓரத்திலிருந்து நடுவுக்கு.
- வினாகிரியும் தண்ணீரும். முதலில் அலுமாரிக்கு அடியில் உள்ள மூலையில் பரீட்சை. கம்பளத்தின் சாயம் போகவில்லை.
- அப்பச்சோடா தூவி, காய்ந்தபின் தட்டியது.

பழுப்பு மஞ்சளாயிற்று. வாசலில் நின்று பார்த்தால் இல்லை. கிட்டப் போனால் இருக்கிறது. மறுபடி வாசலுக்குப் போனேன். அங்கிருந்தும் தெரிகிறது.

பக்கத்து வீட்டுக் கமலா, வேலிக்கு மேலாக: "என்ன சார், மருமக இல்லாத நேரம் பார்த்து ஊறுகாய் போடுறீங்களா? வினாகிரி வாசம் ரோடு வரைக்கும் வருது."

"சும்மா, ஜன்னல் துடைக்கிறேன்." ஏன் அப்படிச் சொன்னேன்?

மாத்திரை மறந்தேன்.

16 வியாழன்

கறை போய்விட்டது. ஆனால் கழுவிய இடம் மட்டும் வெள்ளை. சுற்றிலும் மூன்று வருஷத்து அழுக்கு. கறையை விட இதுதான் கண்ணில் படுகிறது. அத்துடன் விட்டிருக்க வேண்டும்.

விடவில்லை. வெள்ளையைச் சுற்றியுள்ள நிறத்துக்குக் கொண்டுவர, தட்டுகளில் சாயத்தண்ணி, ஒன்றை விட ஒன்று மங்கலாக. செல்லையா ஃபெக்டரியில் ருசி பார்க்க வரிசையாக வைப்பாரே, அப்படி. மிக மங்கலானதைப் பஞ்சால் தொட்டு வெள்ளையில் ஒற்றினேன். ஈரத்தில் அச்சாகப் பொருந்தியது. காய்ந்ததும் ஓரமெல்லாம் பழுப்பு வளையம். முதல் கறையை விடப் பெரிது.

படித்தவன் செய்யும் வேலையா?

டீப்போ மேசையை இழுத்துக் கறைக்கு மேலே வைத்தேன். பாதை நடுவில் நிற்கிறது. நானே இரண்டு முறை இடித்துக்கொண்டேன்.

17 வெள்ளி

பத்மா வந்தாள். பையைக் கீழே வைக்குமுன் டீப்போவைப் பார்த்தாள். நகர்த்தினாள்.

"அந்த ஐயா வந்தாரா மாமா?"

"வந்தார். கொட்டினது நான்."

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. என்னையே பார்த்தாள். நம்பினாளா, தெரியவில்லை.

"சரி. அப்ப இனிமே நீங்களும் வராந்தாவுலதான் குடிக்கணும். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

சரி என்றேன். செல்லையாவுக்கு எப்படிச் சொல்வது? சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். எதுவும் சரியாக வரவில்லை.

21 செவ்வாய்

தூறல். குளிர். காலையிலிருந்தே வராந்தாவில் இரண்டு நாற்காலி. ஒரு முறை உள்ளே எடுத்துப் போய், திரும்பக் கொண்டுவந்தேன்.

செல்லையா குடையை மடக்கிக்கொண்டே, "என்ன மாஸ்டர், வெளியில போட்டிருக்கீங்க?"

"நான் காப்பெட்டுல டீயக் கொட்டிட்டேன். இனிமே உள்ள குடிக்கக் கூடாதுன்னு பத்மா சொல்லிருச்சு."

என் கையைப் பார்த்தார்.

"நடுங்குதா?"

"கொஞ்சம்."

"இதுக்குப் போயி வெக்கப்படுவாங்களா? எனக்கும் லேசா இருக்கு, யாருகிட்டயும் சொல்லல. கோப்பைய ரெண்டு கையாலயும் புடிங்க."

"அப்ப கருப்பட்டி?"

"அத மொதல்லயே வாயில போட்டுக்கங்க."

போட்டுக்கொண்டேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தேன். எதிரே அவரும் அப்படியே.