லாரிக்காரியின் கருத்து

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் நன்றாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன், ஏனென்றால் நீ கடிதம் போட்டு நான்கு மாதம் ஆகிறது. போனில் கேட்டால், "ஆபீஸ் விஷயமெல்லாம் போன்ல வேண்டாங்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

டீசல் லாரிகளுக்கான புகை விதியைத் தளர்த்தப் போகிறார்கள் என்று பேப்பரில் போட்டிருக்கிறான். தளர்த்துவார்களா, மாட்டார்களா? அந்தக் கோப்பு உன் மேஜைமேல்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஏப்ரல் முப்பதுக்குள் நான் வண்டியைச் சோதனைக்குக் காட்டி ஓட்டத் தகுதி என்று எஃப்.சி. வாங்க வேண்டும். இருப்பது ஒரே பழைய லாரி. அது நின்றால் நானும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

போன மாதம் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. பொரிப்பகத்திலிருந்து ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போனேன். வண்டி ஓடினால்தான் அதுகளுக்குக் காற்று. பாதி மேட்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. யூரியா தண்ணீர் சரியில்லையாம். புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிறோமே, அதுதான். அன்று காலையில் நானே என் கையால் டாங்க் நிறைய ஊற்றியிருந்தேன். கெட்டுப்போனது அதை அளக்கிற சென்சார். அது என்ஜினுக்கு எப்படித் தெரியும்? நான் ஏமாற்றுகிறேன் என்று முடிவு கட்டி வேகத்தைக் குறைத்துவிட்டது. ஆள் நடக்கிற வேகம். மிதித்து மிதித்து என் கால்தான் வலித்தது. உச்சி வெயில். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டினார்கள். "ஓட்டத் தெரியலன்னா எதுக்கும்மா ரோட்டுக்கு வர்றே?" என்றான் ஒருவன். இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறேன், என்னைப் பார்த்து! பெட்டிகளை இறக்கும்போது முந்நூறு குஞ்சுகளுக்கு மேல் செத்திருந்தன. இறக்க வந்த பெண்கள் செத்தவற்றைத் தனியாக எடுத்து வைத்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இந்த விதியை எழுதியவர்களில் ஒருத்தராவது லோடு வண்டியில் மேடு ஏறியிருக்கிறார்களா? வயிறு எரிகிறது எனக்கு. தளருமா, தளராதா, ஒரு வரி எழுது. என்ன இவ்வளவு அவசரம் என்று மட்டும் கேட்காதே.

உன் அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், இரண்டாவது தடவை என் மனைவிக்குச் சத்தமாக. "அந்த ஹாரன் அடிச்சவன் நம்பரைக் குறிச்சு வெச்சாங்களாமா?" என்று கேட்டாள். எப்போதும்போல உன் கட்சிதான் அவள்.

தளருமா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. முடிவு செய்பவர்கள் மேலே இருக்கிறார்கள். மக்கள் அனுப்புகிற கருத்துகளுக்கு முத்திரை குத்தி, எண் போட்டு, பிரித்து அனுப்புவதுதான் எங்கள் பிரிவின் வேலை. வரைவில் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்று, சென்சார் கெட்டால் உடனே வண்டியின் கழுத்தை நெரிக்காமல் சில நாள் அவகாசம் தருவது. இன்னொன்று, பழைய லாரிகள் புகை ஃபில்டரையே கழற்றிவிட அனுமதிப்பது. முதலாவது நியாயம். இரண்டாவதை நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. லாரிகள் நிற்கும் திடலுக்குப் பின்தெருவில் குடியிருந்து பார்த்தால்தான் அது தெரியும். துவைத்த துணியை நாங்கள் வெளியே காயப்போட்டு ஒரு வருஷம் ஆகிறது. ஜன்னல் கம்பியைத் துடைத்தால் துணி கன்னங்கரேலென்று வருகிறது. என் மனைவி இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறாள்.

லாரி உரிமையாளர் சங்கம் ஒரே கடிதத்தை அச்சடித்து, அடியில் கையெழுத்து மட்டும் வாங்கி, மூட்டை மூட்டையாக அனுப்புகிறது. ஃபில்டரைக் கழற்ற விடு என்பதைத் தவிர அதில் வேறு பேச்சில்லை. உன்னை மாதிரி மேட்டில் நின்றவர்கள் யாருமே எழுதவில்லை. நீ எழுது, அக்கா. ஐயா என்று ஆரம்பித்து, வண்டி எண்ணைப் போட்டு, நடந்த உண்மையை எழுது. கடைசி நாள் மார்ச் 31.

அன்புடன்,
தம்பி


மார்ச் 19

கருத்துப் பிரிவு அதிகாரி அவர்களுக்கு,

ஐயா,

தங்களை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தவள் நான் என்பதையெல்லாம் இந்தக் கடிதத்தில் எழுதக் கூடாது. எழுதவில்லை.

வண்டி எண்ணைத் தாளின் பின்பக்கம் போட்டிருக்கிறேன். மேட்டில் குஞ்சுகள் செத்த கதையைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததை இங்கே சொல்கிறேன். புது சென்சார் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். பொரிப்பகம் ஒரு வாரம்கூடக் காத்திருக்காது. எங்கள் பக்கத்தில் ஒரு மெக்கானிக் இருக்கிறான், அவனை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். "இதுக்கு வைத்தியம் பாக்கறதைவிட வெட்டி எடுத்துடறது சுலபங்க்கா" என்றான். ஃபில்டரைக் கழற்றிவிட்டு வெறும் கூட்டைத் திரும்ப வெல்டிங் வைத்தான். எல்லாம் சரி, எல்லாம் சரி என்று என்ஜினிடம் பொய் சொல்லிக்கொண்டே இருக்க ஒரு சின்னப் பெட்டியையும் மாட்டினான். நான் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தேன்.

இப்போது வண்டி மேட்டில் பிய்த்துக்கொண்டு போகிறது. குஞ்சுகள் சாவதில்லை. ஆனால் பொரிப்பக வாசலில் நான் ஸ்டார்ட் செய்தால், பெட்டி ஏற்றுகிற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்குகிறார்கள். "முன்னெல்லாம் உங்க வண்டி இப்படி இல்லையேக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

ஆகவே என் கருத்து இதுதான். கெட்டுப்போன சென்சாரையும் கெட்ட ஆளையும் ஒன்றாக நினைக்காதீர்கள். பட்டறைக்குப் போய்ச் சேர எங்களுக்குப் பத்து நாள் கொடுங்கள். அந்த விதியைத் தளர்த்துங்கள். ஃபில்டரைக் கழற்ற மட்டும் விடாதீர்கள். விட்டால் எல்லாரும் கழற்றுவார்கள். கழற்றியவள் சொல்கிறேன்.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்


மார்ச் 24

அக்கா,

என்ன காரியம் செய்திருக்கிறாய்! ஃபில்டரைக் கழற்றியதையும் சொல்கிறேன், அதை வண்டி எண்ணோடு எழுதி அனுப்பியதையும் சொல்கிறேன். எதற்கு அதிகமாகக் கோபப்படுவது என்று தெரியாமல் இரண்டு நாளாகத் தவிக்கிறேன். என் வீட்டு ஜன்னலைப் பற்றி உன்னிடம் அழுதேனே, யார் வீட்டு ஜன்னலிலோ என் அக்கா வண்டியின் கரி படிந்துகொண்டிருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

இருந்தாலும் நீ என் அக்கா. உன் கடிதத்துக்கு நான் முத்திரை குத்தவில்லை. என் டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். முத்திரை விழுந்துவிட்டால் அது ஆபீஸ் தாள், யார் கைக்கு வேண்டுமானாலும் போகும், உன் வண்டி நின்றுவிடும். டாக்டர் வருகிற பத்தியையும் வண்டி எண்ணையும் விட்டுவிட்டு, மற்றதை அப்படியே எழுதி 31க்குள் அனுப்பு. பழையதை நானே கிழித்துவிடுகிறேன். அதற்குள் ஃபில்டரையும் மாட்டிவிடு. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

உன் தம்பி


மார்ச் 28

தம்பி,

டிராயரிலா வைத்திருக்கிறாய்?

உண்மையை எழுது என்று சொன்னது யார்? நானாகவா வந்து நின்றேன்? அச்சடித்த மூட்டைக்கெல்லாம் சளைக்காமல் முத்திரை குத்துகிற கைக்கு என் ஒரு தாள் கனக்கிறதாக்கும்.

அந்தப் பத்தியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? எவளோ ஒருத்தி மேட்டில் நின்றுவிட்டுப் புலம்புகிறாள், அவ்வளவுதான். கழற்றியவளே வந்து கழற்ற விடாதே என்று சொல்வதால்தானே அந்தப் பேச்சுக்கு மதிப்பு? இத்தனை வருஷம் ஊரார் கடிதத்தைப் படித்தும் உனக்கு இதுகூடப் புரியவில்லையா?

டாக்டர் என் வண்டியில் பொய் சொல்கிற பெட்டியை மாட்டினான் என்றதும் உனக்குக் கோபம் வந்தது. வரட்டும், நியாயம்தான். உன் டிராயர் மட்டும் என்ன செய்கிறதாம்? அவனாவது, "இது தப்புதான், தெரிஞ்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைத்தான். நீ பாசம் என்று பேர் வைத்துச் செய்கிறாய்.

வண்டி நின்றால் நிற்கட்டும். பயமில்லை என்று சொல்ல மாட்டேன். நேற்று வண்டியைக் கழுவும்போது, இது போய்விட்டால் என்ன செய்வேன் என்று நினைத்து வாளியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் மறு கடிதம் வராது. முத்திரையைக் குத்து. குத்துகிற வரைக்கும் எனக்குக் கடிதம் போடாதே, போனும் போடாதே.

லாரிக்காரி


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

முத்திரை குத்திவிட்டுத்தான் எழுதுகிறேன், அதனால் கிழிக்காமல் படி. மார்ச் 31ஆம் தேதி குத்தினேன். எண் 3117. எழுதியவர் என் உடன்பிறந்த அக்கா என்று மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே என்னை அந்த மேஜையிலிருந்து எழுப்பி, பழைய தாள்களை அடுக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை என்ன செய்தார்கள் என்று நேற்றுதான் பார்த்தேன். பட்டியலில் இரண்டே கட்டங்கள். தளர்த்த ஆதரவு, தளர்த்த எதிர்ப்பு. உன்னுடையது இரண்டிலும் அடங்கவில்லை என்று 'பொருந்தாதவை' என்ற தலைப்பின்கீழ் போட்டுவிட்டார்கள். பொருந்தாதவற்றை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை, மேலே அனுப்புவதும் இல்லை. ஆனால் அதில் ஒரே ஒரு பத்தியை மட்டும் அக்கறையாக நகல் எடுத்துச் சோதனைப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். டாக்டர் வருகிற பத்தி. ஏப்ரல் 20ஆம் தேதி உன் வண்டிக்குச் சீல் வைத்தது அதனால்தான். நீ சொன்ன கருத்து அவர்களுக்கு வேண்டாம், ஒப்புக்கொண்ட குற்றம் மட்டும் வேண்டும்!

விதியும் வந்துவிட்டது. மூட்டைகள் ஜெயித்துவிட்டன. பழைய லாரிகள் வருகிற ஜனவரி முதல் ஃபில்டரைக் கழற்றிக்கொள்ளலாம். சென்சார் விஷயம் 'மேலும் ஆய்வுக்கு' என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. நீ கேட்டதைத் தரவில்லை, வேண்டாம் என்று கெஞ்சியதைத் தந்திருக்கிறார்கள். ஜனவரியில் ஊரே செய்யப்போவதை நீ பிப்ரவரியில் செய்துவிட்டாய் என்று தண்டனை.

டிராயரிலேயே விட்டிருக்கலாமோ என்று தோன்றுகிறது. நீயே சொல், அக்கா.

உன் தம்பி


மே 16

அன்புத் தம்பிக்கு,

அப்படி உனக்குத் தோன்றவே கூடாது. நீ குத்தியது சரி. தப்புச் செய்தவர்கள் கட்டம் போட்டவர்கள்.

சென்சார் வந்தது. ஃபில்டரையும் திரும்ப மாட்டிவிட்டேன். சீலை எடுத்து எஃப்.சி.யும் கொடுத்துவிட்டார்கள். சோதனை அதிகாரி காகிதத்தை நீட்டிக்கொண்டே, "ஜனவரிக்கு அப்புறம் இதை மாட்ட வேண்டிய அவசியமே இல்லையேம்மா" என்று சிரித்தார். அவருக்குச் சிரிப்பு வந்ததே, அதைச் சொல்ல வேண்டும். பொரிப்பகம் கைவிட்டுப் போய்விட்டது. நான் நின்ற நாட்களில் வேறு லாரி பிடித்துக்கொண்டார்கள். அந்த வண்டிக்கும் டாக்டர்தான் அறுவை செய்தான். அந்த வண்டிக்காரன் யாருக்கும் கடிதம் எழுதவில்லை, அதனால் நன்றாக ஓட்டிக்கொண்டிருக்கிறான். நான் இப்போது சமவெளியில் செங்கல் ஏற்றுகிறேன். செங்கல் மூச்சு முட்டிச் சாகாது.

இதோடு இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். ஒன்றின் தலைப்பு ஆதரவு. சென்சார் கெட்டதற்காக மேட்டில் வண்டியை நிறுத்தாதீர்கள் என்று அதில் ஒரே வரி. மற்றதன் தலைப்பு எதிர்ப்பு. ஃபில்டரைக் கழற்ற விடாதீர்கள் என்று அதிலும் ஒரே வரி. இரண்டிலும் வண்டி எண் இருக்கிறது. கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

தேதி முடிந்துவிட்டது என்பார்கள். உனக்கு இப்போது மேஜையும் இல்லை, முத்திரையும் இல்லை. அதனால் என்ன? நீயே கையில் எடுத்துக்கொண்டு போ. ஒவ்வொரு மேஜையாகப் போய், இது என் அக்காவின் கருத்து, எந்தக் கட்டத்தில் போடுவீர்கள் என்று கேள். பதில் வருகிற வரைக்கும் அங்கேயே நில்.

உன் அக்கா