பஞ்சாலையின் அறைக்கு என்ன வர்ணம்

பெடாஸ்,
ஆகஸ்டு 1952

அன்புள்ள வள்ளிநாயகிக்கு நல்லசாமி எழுதிக்கொண்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மந்தின் ஊரில் உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம் என்று லோரிக்காரர் சொன்னார். மச்சான்தான் இதை உனக்குப் படித்துக் காட்டுவார்; என் எழுத்துப் பிழைகளை அவர் வாய்க்குள்ளேயே திருத்திக்கொள்ளட்டும். நம் மகள் பஞ்சாலை பக்கத்தில் இருந்தால் விளையாட அனுப்பிவிட்டுப் படிக்கச் சொல்.

எஸ்டேட் காவல் வேலையை விட்டுவிட்டு, இப்போது ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறேன். துப்பாக்கியையும் பச்சைச் சட்டையையும் ஆபீசில் ஒப்படைத்தபோது துரை காரணம் கேட்கவில்லை. என்னைவிட அவருக்குத்தான் நிம்மதி போலிருந்தது. லயத்து வீடுகளில் எனக்கு 'ரப்பர்க்காய் சூரன்' என்று பெயர். பிறந்ததிலிருந்து ரப்பர்க்காய் வெடிக்கிற சத்தத்திலேயே வளர்ந்தவன், தகரக் கூரையில் காய் வெடித்து விழுந்ததைக் காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுக்காரர்கள் சுடுகிறார்கள் என்று நினைத்து, கம்பி வேலியோரம் நின்று தன் வீட்டையே சுட்டால் சும்மா விடுவார்களா? நானும் சேர்ந்து சிரித்துவிடுகிறேன். பக்கத்து வீட்டு மயிலம்மாள் அக்கா மட்டும், "சிரிக்கிற காரியமாடா இது, புள்ள உள்ள படுத்திருந்துச்சே" என்று அவர்களைத் திட்டுகிறார். அப்போதுதான் எனக்கு எங்கே போய் நிற்பதென்று தெரிவதில்லை.

துப்பாக்கி ரவை பாய்ந்த பலகைகளைக் கழற்றிவிட்டுப் புதிது அடித்துவிட்டேன். பழைய சுவரில் அவை மட்டும் பல் கட்டியவன் வாய் மாதிரித் தனியாகத் தெரிந்தன. பிள்ளை வந்து பார்த்தால் எந்த இடம் என்று கண்டுபிடித்துவிடுவாள். அதனால் அவள் அறை முழுவதற்கும் வர்ணம் அடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி சுண்ணாம்பு தருகிறேன் என்றார். லயம் முழுக்க அதே வெள்ளைதானே, வேண்டாம் என்று பெடாஸில் நஸ்ருதீன் கடைக்குப் போனேன். அவர் டப்பாக்களைத் திறந்து காட்டி, "பொம்பளப் புள்ளைக்கு ரோஸ் அடிங்கண்ணே, நல்லா இருக்கும்லா" என்றார். என் மகளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ற கர்வத்தில் கிளிப்பச்சை வாங்கினேன். கிளியைக் கண்டால் சோற்றை விட்டுவிட்டு ஓடுகிறவள் அல்லவா? வரும்போது எஸ்டேட் வாசலில் நின்ற காவல்காரர், காட்டு ஆட்களுக்கு உள்ளே அரிசி ஒளித்துக் கொண்டுபோகிறேனா என்று டப்பாவில் குச்சியை விட்டுக் கலக்கிப் பார்த்தார். நல்லதாயிற்று, எனக்குக் கலக்குகிற வேலை மிச்சம்.

ஒரு சுவர் முடித்துவிட்டு, பெருமையாக மயிலம்மாள் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, "ஏந்தம்பி, ஒஞ்சட்டையக் கழட்டிச் சுவத்துக்கு மாட்டி வுட்டியா?" என்றார்.

வள்ளி, எனக்கு அது தோன்றவே இல்லை பார். துப்பாக்கி வெடித்த பிறகு நான் வீட்டுக்குள் ஓடினேன். பஞ்சாலை எழுந்து நின்றிருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. என்னைப் பார்த்தாள், கத்திக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினாள். பச்சைச் சட்டையைக் கண்டு காட்டு ஆள் என்று நினைத்திருப்பாள் என்று எல்லோரும் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். நீயும் சொன்னாய். ஆனால் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரல் அவளுக்குத் தெரியும்.

பச்சையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். சுவரைவிட என் கையில்தான் அதிகம் ஒட்டியிருக்கிறது. மரத்தில் பால் எடுக்கிறாயா, மரத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறாயா என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கேட்கிறார். இனி நானாக எந்த நிறத்தையும் தேர்ந்தெடுக்கமாட்டேன். ரோஸோ நீலமோ, அவள் வாயால் சொல்வதைத்தான் அடிப்பேன். பேச்சோடு பேச்சாக நீ கேட்டுப் பார். அப்பா கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

இங்கே வரமாட்டேன் என்று சொன்னால் அதட்டாதே. அழவைத்துக் கூட்டிவரவும் வேண்டாம். மச்சான் வீட்டில் அவள் படுக்கிற அறைக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டு எழுதச் சொல். மச்சான் சம்மதித்தால், அவள் பள்ளிக்கூடம் போன பிறகு நான் வந்து அடித்துவிட்டு, திரும்புவதற்குள் பஸ் ஏறிவிடுகிறேன். யார் அடித்தது என்று கேட்டால் மாமா என்று சொல்லிவிடுங்கள். வாசனை போகிறவரை அவளை அதில் படுக்கவைக்காதே. சளி பிடிக்கிற உடம்பு.

பிள்ளை பயமில்லாமல் தூங்கட்டும். முருகன் துணை.

இப்படிக்கு,
நல்லசாமி